டிரில் நேரத்து மழை

"வெளியில பாருங்க டீச்சர், வெயில் மண்டையைப் பிளக்குது. உங்க கம்ப்யூட்டர் மட்டும் மழைங்குது! ஹெச்.எம். என்னைக் கேக்குறாங்க, நான் உங்களைக் கேக்குறேன்."

டிரில் மாஸ்டர் கணினி அறைக்குள் வந்ததும் வராததுமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் டீச்சருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பள்ளியின் மொட்டைமாடியில் மழை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. மழையின் அளவையும் நேரத்தையும் குறித்து அது அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்பை, அவர் எழுதிய ஸ்டைல்ஷீட் என்ற விதித்தொகுப்பு அழகான வானிலைப் பக்கமாக மாற்றிக் காட்டும். அந்தப் பக்கத்தில் மேகப் படம் வந்தால் டிரில் வகுப்பு ரத்து. இந்த வாரம் முழுக்க, டிரில் மணி அடிப்பதற்கு முன்பே மேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"இன்னிக்குச் சரியாகலேன்னா பக்கத்தையே எடுத்துடுவாங்களாம் மாஸ்டர். லீவெல்லாம் உக்காந்து பசங்களோட செஞ்சது."

"அட, விடுங்க. அது எப்படி மழைன்னு முடிவு பண்ணுது? அதைச் சொல்லுங்க."

"ஸ்டைல்ஷீட்ல விதி எழுதியிருக்கேன். அளவு இதுக்கு மேல போனா மேகத்தைப் போடு, இல்லேன்னா சூரியனைப் போடுன்னு."

"எதுக்கு மேல? ஒரு டம்ளர் அளவா?"

"அவ்வளவெல்லாம் வேணாம். அரை டம்ளரே ஜாஸ்தி."

"அடேங்கப்பா!" மாஸ்டர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். கணினி என்றால் காத தூரம் ஓடுகிறவருக்கு இவ்வளவு ஆர்வமா என்று டீச்சருக்கே ஆச்சரியம்.

ஒரே இடத்துக்கு இரண்டு விதிகள் பொருந்தி, தப்பான விதி முந்திக்கொள்கிறதோ? டீச்சர் விதிகளின் வரிசையை மாற்றினார். மேகம். கோப்பிலுள்ள பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பமோ? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போதும் மேகம்.

"சரி, விதி எதுவுமே இல்லாத வெறும் ஸ்டைல்ஷீட்டை ஓட்டிப் பாக்குறேன். கருவி அனுப்பினது அத்தனையும் அப்படியே வந்து கொட்டும்."

கொட்டியது. எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போன டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார்.

"மாஸ்டர்! மழை ஆரம்பிச்ச நேரத்தையும் நின்ன நேரத்தையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணு!"

"அதனால என்ன?"

"எந்த மழையாவது ஒரே நொடியில பெஞ்சு நிக்குமா? என் ஸ்டைல்ஷீட் மொத்த அளவை மட்டும் பாத்துச்சு, நேரத்தைப் பாக்கல. யாரோ மாடிக்குப் போய்த் தண்ணி ஊத்துறாங்க!"

"அதெல்லாமா தெரியும் அதுக்கு?"

"பசங்க வேலைதான். டிரில்லுக்கு டிமிக்கி குடுக்கறாங்க. இருங்க, ஒரே நொடியில கொட்டினா அது மழை இல்லைன்னு ஒரு விதி சேர்த்துடுறேன். இனிமே அவங்க பருப்பு வேகாது."

தட்டினார். மேகம் போய்ச் சூரியன் வந்தது. டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஹெச்.எம். அறைக்கு ஓட எழுந்தார். மாஸ்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர்..." முழங்காலைத் தடவிக்கொண்டே, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார் அவர்: "துளித்துளியா ஊத்தினா கண்டுபிடிக்காதுல்ல? இந்த முட்டி வலி தீர்ற வரைக்கும்தான்."