பிரேக் இல்லாத மாப்பிள்ளை

"என்ன தம்பி, சைக்கிள்ல பாதி சாமானக் காணோம்? எவனாச்சும் கழட்டிகினு போயிட்டானா?"

மத்திகிரியில் அந்த வாடகை வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைக் குனிந்து குனிந்து பார்த்தார் மைக்கேல்ராஜ். கிருஷ்ணகிரியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மகள் டெல்பினுக்குப் பேசியிருக்கும் பையனை, உறவுக்காரர்களோடு முறையாகப் பார்க்க வருவதற்கு முன் ஒரு நோட்டம் விட்டுவிடலாம் என்று ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டரில் கிளம்பி வந்திருந்தார். புது ஸ்கூட்டர். பங்குச் சாமியார் மந்திரித்தபோது போட்ட மாலைகூட இன்னும் காயவில்லை.

"யாரும் கழட்டலைங்க மாமா. நானே செஞ்சது," என்றான் ஆஸ்டின்.

"மாமா எல்லாம் அப்புறம் பாக்கலாம். என்ன செஞ்ச?"

ஆஸ்டினின் முகம் மலர்ந்தது. இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

"அத்திப்பள்ளில ஒரு பழைய ஃபிரேம் கெடச்சுது சார். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஃப்ரீவீலயும் கழட்டிட்டு, பல்சக்கரத்த நேரா பின்சக்கரத்தோட முறுக்கிட்டேன். சக்கரம் சுத்துனா பெடலும் சுத்திகினே இருக்கும். ஆறு மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை விடல."

"இறக்கத்துல சும்மா உக்காந்து வர முடியாது?"

"முடியாதுங்க. மிதிச்சுகினேதான் வரணும்."

"காசு குடுத்து வேலை வாங்கிக்கற," என்றார் மைக்கேல்ராஜ்.

உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த சூசைமேரி வாசலை எட்டிப் பார்த்தாள். மகனுக்கு முப்பத்திரண்டு வயது. இந்தச் சைக்கிள் ஏற்கெனவே மூன்று சம்பந்தங்களை விரட்டியிருக்கிறது. முதல் வீட்டார், கேரியர் இல்லையே, எங்கள் பெண் எங்கே உட்காரும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது வீட்டார், முழுச் சைக்கிள் வாங்க வக்கில்லாத குடும்பம் என்று முடிவு கட்டினார்கள். மூன்றாவது வீட்டார் விலையைக் கேட்டார்கள். பாதிச் சைக்கிளுக்கு இவ்வளவா என்று எழுந்துவிட்டார்கள்.

"பெல்லு?"

"வாய் இருக்குதுங்களே."

"பிரேக்கு?"

"இல்லீங்க."

மைக்கேல்ராஜ் நிமிர்ந்தார். முப்பது வருடமாக இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் காருக்குத் தன் காலால் பிரேக் போட்டே உயிரோடு இருப்பவர்.

"பிரேக்கு இல்லியா? அப்ப எப்டி நிப்பாட்டுவ?"

ஆஸ்டின் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். தெரு இறக்கத்தில் விர்ரென்று போனவனுக்கு எதிரே ஒரு ஷேர் ஆட்டோ திரும்பியது. மைக்கேல்ராஜுக்குப் பழக்க தோஷம், வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஆஸ்டின் பெடலை எதிர்த்து அழுத்த, பின்சக்கரம் கிறீச்சிட்டு, ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

சூசைமேரி டீயோடு ஓடி வந்தாள்.

"சைக்கிள வுடுங்கண்ணா, அது ஒரு கிறுக்கு. புள்ள தங்கம். வண்டி சாமான் செய்யற கம்பெனில குவாலிட்டி செக்கிங். இவன் சீல் அடிக்காம ஒரு பீஸு கேட்டைத் தாண்டாது. போன வருஷம் மெடல் குடுத்தாங்க."

மெடலை எடுத்து வந்தும் காட்டினாள். மைக்கேல்ராஜ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையனிடம் குடி இல்லை, பொய் இல்லை, நிரந்தர வேலை. டெல்பினுக்கும் போட்டோ பிடித்திருக்கிறது. அவர் மனசு இளகியது.

"சரிம்மா, ஒரே ஒரு கண்டிசன். நாளைக்கே சைக்கிளுக்கு பிரேக்கு மாட்டணும். மாட்டிட்டு ஒரு போன் பண்ணச் சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிரலாம்."

சூசைமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "மாட்டிருவாண்ணா! இப்பவே மாட்டிருவான்!"

"மாட்ட மாட்டேம்மா," என்றான் ஆஸ்டின்.

மைக்கேல்ராஜ் மெடலைச் சூசைமேரி கையில் திருப்பிக் கொடுத்தார்.

"சார், கேரியர் வேணுமா, வெக்கறேன். பெல்லு, ஸ்டாண்டு, கூடைகூட வெக்கறேன். பிரேக்கு மட்டும் கேக்காதீங்க. டெல்பினப் பிடிச்சிருக்கு, அதனாலதான் உண்மையச் சொல்றேன். பிரேக்க நம்பி உயிர வெக்க என்னால முடியாது."

"பாவி!" என்று சூசைமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான்காவது சம்பந்தமும் போயிற்று.

மைக்கேல்ராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊரு உலகமே பிரேக்க நம்பித்தான்யா வண்டி ஓட்டுது. உனக்கு மட்டும் என்ன?"

"ஊருக்குத் தெரியாது சார்." ஆஸ்டின் குரலைத் தாழ்த்தினான். "எங்க கம்பெனில செய்யறதே பிரேக்குதான். பத்துக்கு ரெண்டு சரியாப் பிடிக்காது. ரிஜெக்ட்டுல போட்டா, மாசக் கடைசி, டார்கெட்டுன்னு மேனேஜர் குதிப்பாரு. நானும் சீல் அடிச்சு அனுப்பிருவேன். அதுக்குத்தான் அந்த மெடலு. தோ, உங்க ஸ்கூட்டர்ல இருக்கறதும் எங்களுதுதான்."

மைக்கேல்ராஜ் மாலை போட்டிருந்த ஸ்கூட்டரைப் பார்த்தார். திரும்பும் வழியில் இருக்கும் மேலுமலை இறக்கத்தை நினைத்துப் பார்த்தார். ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப் பையின் அடியில் போட்டுவிட்டு, மெதுவாகச் சைக்கிளின் சீட்டைத் தடவிக் கொடுத்தார்.

"இதே மாதிரி எனக்கொண்ணு, டெல்பினுக்கொண்ணு செய்ய எத்தினி நாளாவும் மாப்ள?"