இன்னும் ஒரே ஓர் ஆட்டம்

"ப்ரோடிக்கு முழங்கால் போயிடுச்சும்மா. நடுக்களத்துல ஓடி ஓடித் தேஞ்சுட்டான். இந்த சீசனோட அனுப்பிடறோம்," என்றார் பயிற்சியாளர் ஹாலரன்.

"இந்த கிளப்புக்குத் தொண்ணூத்தொன்பது ஆட்டம் ஆடிட்டாரு, கோச். இன்னும் ஒண்ணே ஒண்ணு குடுங்க. இல்லேன்னா என் வாழ்க்கையே நின்னுடும்," என்றாள் ப்ரோடிக்காகப் பேச வந்திருந்த டெஸ். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

ஹாலரனுக்குச் சட்டென்று புரிந்தது. ஆஸ்திரேலியக் கால்பந்து விதிப்படி, அப்பா ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால், மகனைச் சேர்த்துக்கொள்ளும் முதல் உரிமை அந்த கிளப்புக்குத்தான். ஹாலரனே ஆட்டக்காரராகத் தொண்ணூற்றெட்டில் நின்றுபோனவர். அவருடைய மகன் இப்போது எதிரணியில் ஆடி, வருஷம் தவறாமல் அவரைத் தோற்கடிக்கிறான்.

"எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம். சனிக்கிழமை அவன் ஆடறான். தோத்தாலும் பரவாயில்ல."

டெஸ் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சரி, பையனுக்கு என்ன வயசு?"

"எந்தப் பையன்?"

"உங்க பையன்தாம்மா!"

"பையனா? நீங்க வேற, கோச்! நூறு ஆட்டம் முடியட்டும், அப்புறம்தான் கல்யாணம்னு ஆறு வருஷமா இழுத்தடிக்கிறாரே மனுஷன்!"