காலி ஃபோல்டர்

"கம்ப்யூட்டரைப் போட்டதும் மாடியில தம்பியோட கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபோல்டர் இதுல தானா வந்து நிக்கணும்," என்றார் அண்ணன்.

ஃபோல்டரைத் திறந்து பார்த்த கம்ப்யூட்டர் மெக்கானிக் முழித்தார். "உள்ள ஒண்ணுமே இல்லியே சார்?"

"இல்லாட்டி என்ன? தினமும் வந்தாப் போதும். தம்பிகிட்ட மட்டும் வாயைத் திறக்காதீங்க."

வேலை முடித்துக் கிளம்பியவரை மாடிப்படியிலிருந்து தம்பி சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"கீழ அண்ணனோட கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபோல்டர் ஒண்ணு என் கம்ப்யூட்டர்ல தானா வரணும்."

அதுவும் காலி! மெக்கானிக்குக்கு மண்டை காய்ந்தது.

"காலி ஃபோல்டரை வச்சு என்னதான் சார் பண்ணுவீங்க?"

தம்பி குரலைத் தாழ்த்தினார்.

"பேச்சு நின்னு மூணு வருஷமாச்சு. அவர் தனி ஆள், சுகர் வேற. அவர் கம்ப்யூட்டர் ஓடினாத்தானே இது திறக்கும்? திறந்தா, மனுஷன் நல்லபடியா எழுந்துட்டார்னு நிம்மதி. அண்ணன்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதீங்க."