பள்ளிக்கூட முனை

புது வீடு கட்டுகிறவர்கள் நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய வளர்ச்சிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, ஒரு கணவனும் மனைவியும் நகராட்சி அலுவலக ஜன்னல் முன் நின்றார்கள். தொகையைச் சொன்ன குமாஸ்தாவுக்கே மனசு கேட்கவில்லை.

"பக்கத்து ஊர்ல இதுல பாதிதாங்க. அங்க கட்டலாமே."

"விசாரிச்சிட்டோம். இங்கதான், பள்ளிக்கூட முனையில கட்டப்போறோம்" என்றார் கணவர்.

"அப்போ பள்ளிக்கூட முனையையாவது விட்டுட்டு வேற தெருவுல கட்டுங்க. அந்த முனையில பசங்க ரோட்டைக் கடக்க சிக்னல் வைக்கிறதுக்காக, அங்க கட்டுறவங்களுக்கு மட்டும் சிக்னல் கட்டணம்னு தனியா ஒண்ணு இருக்கு. வீணா எதுக்குத் தண்டம் அழணும்?"

"அந்தப் பணத்தை வேற எதுக்கும் எடுத்துட மாட்டீங்களே?" என்று மனைவி கேட்டாள்.

"எடுக்கவே முடியாதும்மா. கிட்டத்தட்ட சேர்ந்துடுச்சு. இன்னும் ஒரே ஒரு வீடு வந்தா சிக்னல் வெச்சிடுவாங்க." குமாஸ்தா சிரித்தார். "ஓ, பசங்களுக்குப் பள்ளிக்கூடம் பக்கம்னு பார்க்கிறீங்களா? எத்தனை பசங்க?"

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருஷம் நாங்க சிக்னல் கேட்டு வந்தப்பவும், இன்னும் ஒரு வீடு வரட்டும்னு இதையேதான் சார் சொன்னீங்க. அப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நின்னாளே, அவ ஒருத்திதான் இருந்தா."