எத்தனை பேர்

துண்டுக் கடதாசியில் பெயர் இல்லை. ஆனாலும் யார் எழுதியது என்று உஷாந்திக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

‘தினமும் காலையில என்னைய பேச வச்சி சிரிக்கிறாங்க. நாளைக்கும் செஞ்சாங்கன்னா அப்புறம் நான் எங்கயும் வரமாட்டேன்.’

அவள் படிப்பிக்கும் எட்டாம் வகுப்பில் இப்படி எழுதக்கூடியவள் ஒருத்திதான். மலையகத்தில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த வருடம் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்த கலைச்செல்வி.

பள்ளிக்கூடம் வரமாட்டேன் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். ‘எங்கயும்’ என்ற சொல்லை உஷாந்தி மூன்று தரம் வாசித்தாள்.

முறைப்பாட்டுப் பெட்டி அவளுடைய யோசனை. பிஸ்கட் டின்னுக்கு நீலத்தாள் ஒட்டி, மூடியில் துளை வெட்டி, படிக்கட்டுக்குக் கீழே அவளே மாட்டியது. இரண்டு மாதமாக அதில் டொபி சுற்றிய தாள்தான் விழுந்தது. இன்றைக்கு இது.

நேற்றுக் காலை பெட்டி வெறுமையாக இருந்தது; பிறகுதான் போட்டிருக்கிறாள். அப்படியென்றால் அந்த ‘நாளைக்கு’ இன்றுதான்.

மணி ஏழு இருபது. துறைமுகத்துப் பக்கம் கப்பலொன்று நீளமாக ஊதி ஓய்ந்தது.

உஷாந்தி கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து இலக்கம் போட்டு எழுதத் தொடங்கினாள். முதலாவது லவினா. ஒருநாள் கலைச்செல்வி ஓடிவந்து, பள்ளிக்கூட அதிபரை ‘வாறார்’ என்னாமல், அதிபர் வர்றாங்க என்று சொன்னபோது, எத்தினை அதிபரடி என்று கேட்டு வகுப்பையே உருண்டு புரள வைத்தவள் அவள்தான். இரண்டாவது அர்பா. மூன்றாவது ஜனா.

மணி அடிப்பதற்குள் பதினொரு பெயர் சேர்ந்துவிட்டது. சிரிக்கிறாங்க என்றால் ஒரு கூட்டம். கூட்டத்துக்கு ஒரு தலைவி இருப்பாள்.

அடியில் இன்னொன்றும் எழுதினாள்: ‘இன்றைக்கு எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் பிள்ளை முறையிட்டது கூட்டத்துக்குத் தெரிந்துவிடும்.’

இது சரியா? பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு அதை வெட்டினாள்.

வகுப்பில் கலைச்செல்வி யன்னலோரம் இருந்தாள். உஷாந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இடாப்பில் அவளுக்கு வரவு போட்டாள்.

பெயர் கூப்பிட்டு முடிந்ததும், வழக்கம்போல கலைச்செல்வியை எழும்பி நிற்க வைத்தாள்.

அது உஷாந்தி தானாகக் கண்டுபிடித்த வைத்தியம். தினமும் ஒரு நிமிடம். மற்றப் பிள்ளைகளைப் போலக் கதைக்க நாக்குப் பழகிவிட்டால், பிறகு யாருக்கும் சிரிக்க ஒன்றும் இருக்காது.

“காலமை சாப்பிட்டிட்டீரே பிள்ளை?”

“ஆமாங்க, மிஸ்.”

கடைசி வாங்கு வரிசையில் நுளம்பு பறப்பதுபோல ஒரு இரைச்சல் கிளம்பியது. ங்க, ங்க, ங்க. வாயைத் திறக்காமல் மூக்கால் போடும் சத்தம். யார் என்று பிடிக்க முடியாது.

ஆமாங்க இல்லை, ஓம் என்று உஷாந்தி சொல்லிக் காட்டினாள். கலைச்செல்வி மறுபடியும் ஆமாங்க என்றாள். மூன்றாம் தரம் வகுப்பு முழுவதும் வெடித்துச் சிரித்தது.

உஷாந்தி ஏசவில்லை. பதினொரு முகங்களையும் ஒவ்வொன்றாகக் கவனித்தாள். பிறகு கலைச்செல்வியின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிள்ளை பயப்படாமல் இருக்க அதன் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று வெள்ளவத்தையில் ஆசிரியர்களுக்கான மாலை வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை அவள் கொப்பியில் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.

மற்றவர்களுக்கு வாசிக்க ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டு யன்னலோரம் போனாள். மேசைக்கு மேல் குனிந்து, துண்டைக் கண்டதாகச் சொன்னாள். பெயர் ஒன்றும் வேண்டாம், கணக்கை மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

“எத்தினை பேர் பிள்ளை?”

கலைச்செல்வி எழுந்து நின்றாள். பெரியவர்கள் கேட்டால் இருந்துகொண்டு பதில் சொல்ல மாட்டாள்.

“ஒருத்தவங்கதான், மிஸ்.”

பிழை என்றுதான் உஷாந்தியின் காது முதலில் எடுத்துக்கொண்டது. ஒருத்தி என்று திருத்த வாயெடுத்தாள்.

எத்தினை அதிபரடி.

அன்றைக்கு வந்ததும் ஒரே ஒரு அதிபர்தான்.

லவினாவைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பிள்ளை ‘லவினா சொல்றா’ என்றுதான் சொல்லும். அர்பாவையும் அப்படித்தான். ஜனாவையும் அப்படித்தான். கொப்பியில் இருந்த பதினொரு பேரில் ஒருத்திக்குக்கூட அது ‘ங்க’ போட்டதில்லை.

இந்த அறையில் அந்த மரியாதையை வாங்கக்கூடியவர் ஒரே ஒருவர்.

தினமும் காலையில. என்னைய பேச வச்சி.

உஷாந்தியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கலைச்செல்வி அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அந்தப் பிள்ளை தன் மேசையில் கிடந்த கொப்பிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். அவசரமில்லாமல், பெரியதற்கு மேல் சிறியதாக.

“இரும் பிள்ளை,” என்றாள் உஷாந்தி.

“ஓம், மிஸ்.”

திருத்த ஒன்றும் இருக்கவில்லை. கடைசி வாங்கிலிருந்துகூட இரைச்சல் வரவில்லை.

கலைச்செல்வி பையின் சிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.