பஸ் முதுகில் மாப்பிள்ளை

பொண்ணோட அப்பா டிரைவர் யூனிஃபார்மோடவே வந்து நின்னார். அதுவும் டூட்டி நேரத்துல. மாப்பிள்ளையோட அம்மா அவசரமா முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க.

"வாங்க சம்பந்தி"ன்னு சொல்ல வாயெடுத்தாங்க. கல்யாணம் நடந்தாத்தானே சம்பந்தின்னு தோணவும் "வாங்க"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்கிட்டாங்க.

அவர் உட்காரலை. "மாப்பிள்ளை எங்க?"

மாப்பிள்ளை வெளிய போயிருக்கான்னு அம்மா கூசாம சொன்னாங்க. அவன் உள் ரூம்ல கதவுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தான்.

வீட்டுல அவனுக்கு ஒல்லின்னு பேர். வேலை, மாடலிங். ஆம்பளைத் துணி, பொம்பளைத் துணின்னு பிரிக்காம விக்கிற ஒரு கடைக்கு போன மாசம் போஸ் குடுத்திருந்தான். முட்டி வரைக்கும் ஸ்கர்ட், காதுல தொங்கட்டான், கண்ணுக்கு மை. எங்கயோ ஒரு மூலையில வரப்போகுது, நம்ம ஆளுங்க எவன் பார்க்கப் போறான்னு குடும்பமே தைரியமா இருந்துச்சு.

கடைக்காரங்க அதைப் பெரிசாக்கி பஸ் முதுகுல ஒட்டிட்டாங்க. ஊர்ல அத்தனை பஸ் ஓடுது. ஒட்டினது பொண்ணோட அப்பா ஓட்டற பஸ்ல.

ஓட்டறவருக்குத் தன் பஸ் முதுகு எங்க தெரியப் போகுது? மாப்பிள்ளையைச் சுமந்துக்கிட்டே ஊரைச் சுத்தியிருக்கார், விஷயமே தெரியாம. பின்னாடி பைக்குல வர்றவனுங்க எல்லாம் ஏன் ஓவர்டேக் பண்ணாம ஒட்டிக்கிட்டே வர்றானுங்கன்னு மட்டும் குழம்பியிருக்கார். இன்னைக்குக் காலையில டெப்போல பஸ்ஸைக் கழுவ விட்டுட்டு, டீ கிளாஸோட பின்பக்கம் போயிருக்கார். அங்க ஆளுயரத்துக்கு மாப்பிள்ளை.

"ஒரே ஒரு கேள்விதான்"னார். "பஸ்ல இருக்கறது மாப்பிள்ளையா, இல்லையா?"

அம்மா அக்காவைப் பார்த்தாங்க. அக்கா புருஷனைப் பார்த்தா. அக்கா புருஷன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பேசியே பிழைக்கிற மனுஷன்.

அது ஒல்லியே இல்லை, அவன் ஜாடையில இருக்கற யாரோ ஒரு பொண்ணுன்னு ஆரம்பிச்சார். மூக்கு அப்படியே இருக்கேன்னு டிரைவர் கேட்டார். அக்கா புருஷன் உடனே கட்சி மாறி, மூஞ்சி ஒல்லியோடதுதான், கழுத்துக்குக் கீழ எல்லாம் கம்ப்யூட்டர் வேலைன்னார். அது தெரியாம அக்கா அதே நேரத்துல, எங்க பெரியப்பா பொண்ணு ஒருத்தி இருக்கான்னு சொல்லிட்டா. தூரத்துப் பெரியப்பான்னு அம்மா முட்டுக் குடுத்தாங்க.

ஆக, ஒரு போஸ்டர்ல மூணு பேர் ஆயிட்டாங்க.

டிரைவரோட மீசை லேசாத் தொங்கிப் போச்சு. "அப்ப நிச்சயமா மாப்பிள்ளை இல்லையா?"

"எங்க குடும்பத்துல அந்த மாதிரி அசிங்கமெல்லாம் கிடையாதுங்க"ன்னார் அக்கா புருஷன்.

"சரி, வர்றேன்." டிரைவர் செருப்பை மாட்டினார். அம்மா விட்ட பெருமூச்சுல காலண்டர் ஆடுச்சு.

ஒல்லி இன்னும் கொஞ்ச நேரம் கதவுக்குப் பின்னாடியே நின்னிருந்தா எல்லாம் சுபமா முடிஞ்சிருக்கும். கல்யாணமும் நடந்திருக்கும். ஆனா அந்த அசிங்கம்ங்கற வார்த்தை அவனைப் பிடிச்சு வெளிய தள்ளிடுச்சு.

"மாமா, அது நான்தான்."

அம்மா நெஞ்சுல கை வச்சாங்க. அக்கா புருஷன் ஃபேனைப் பார்த்தார்.

"கழுத்துக்குக் கீழயும் நான்தான். யாரும் கட்டாயப்படுத்தலை. ஸ்கர்ட் எனக்குப் பிடிச்சுது, போட்டேன். நாளைக்குக் கூப்பிட்டாலும் போடுவேன். உங்க பொண்ணுக்கு எல்லாம் தெரியும். உங்களுக்கு ஒத்து வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க மாமா."

டிரைவர் திரும்பி வந்தார். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் பார்க்கற மாதிரி அவனை ஒரு சுத்து சுத்தி வந்தார். காதுக்கிட்ட குனிஞ்சு, தொங்கட்டான் போட்ட ஓட்டை இருக்கான்னு பார்த்தார். இருந்துச்சு.

"சத்தியமா நீங்கதானா?"

"சத்தியமா."

டிரைவர் அவன் ரெண்டு தோளையும் இறுக்கிப் பிடிச்சார். அக்கா கண்ணை மூடிக்கிட்டா.

"காலையில இருந்து டெப்போல தொண்டை கிழியக் கத்தறேன், இது என் மாப்பிள்ளைடான்னு. ஒரு பய நம்பலை. சொந்த மாப்பிள்ளை ஸ்கர்ட் போட்டா எவனாவது வெளிய சொல்லிக்குவானா, நீ சும்மா பீத்திக்கிறேங்கறானுங்க. ட்ரிப்பை இன்னொருத்தன் தலையில கட்டிட்டு ஓடி வந்திருக்கேன். அந்த ஸ்கர்ட் கைவசம் இருக்கா? போட்டுக்கிட்டே வாங்க மாப்பிள்ளை, அத்தனை பேரும் டெப்போ கேட்லயே நிக்கிறானுங்க."

ஒல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துடுச்சு. அம்மா ஸ்கர்ட்டுக்கு இஸ்திரி போட உள்ள ஓடினாங்க. அக்கா தொங்கட்டானைத் தேட ஆரம்பிச்சா. அக்கா புருஷனும் அவசரமா தலையை வாரிக்கிட்டு, மச்சானுக்குத் துணையா நானும் வர்றேன்னு கிளம்பினார்.

"நீங்க வேணாம் தம்பி"ன்னார் டிரைவர். "நானே இப்பத்தான் கஷ்டப்பட்டு ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடிச்சிருக்கேன். அங்க வந்தும் இது அவன் இல்லைன்னுடுவீங்க."