இல்லாத மேடு

கன அயனிகள் மோதும்போது, பிறந்த கணமே சிதைந்துவிடும் புதிய ஒத்ததிர்வுத் துகள் ஒன்று தோன்றுவதாகப் பேராசிரியர் வேதமூர்த்தி அறிவித்திருந்தார். மோதல் தரவுகளின் வரைபடத்தில் எழுந்த சிறு மேடுதான் சான்று. அவருடைய ஆய்வு மாணவி இன்பவல்லி ஆறாண்டு உழைத்து, அந்த மேடு கணக்குப் பிழையால் வந்தது என்று கண்டுபிடித்தாள்.

“அது இருந்துட்டுப் போகட்டும்மா. உன் பட்டமும் அதுமேலதான் நிக்குது” என்றார் அவர்.

“இல்லாதத எப்படி சார் இருக்குன்னு எழுதறது?”

பட்டமில்லாமல் வெளியேறிப் பள்ளியொன்றில் ஆசிரியை ஆனாள். மூன்றாண்டுக்குப் பிறகு, தன் பழைய முடிவு தவறென்று தானே நிரூபித்த நேர்மைக்காக வேதமூர்த்திக்கு விருது கிடைத்தது. நாளிதழில் அவர் படத்துக்குக் கீழே, இன்பவல்லி வரைந்த மேடில்லாத வரைபடம் அச்சாகியிருந்தது.

“இவர்கிட்டயா படிச்சீங்க? குடுத்துவச்சவங்க டீச்சர்” என்றார் பக்கத்து மேசைக் கணக்கு ஆசிரியர்.

“ஆமா சார்” என்றாள்.